பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், நெருப்பு வீட்டார்

மண் எரிகிறது என்று போனில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வேறு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை, ஈரத் துணியும் வாளியுமாக என் பள்ளி வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவசர உதவிக்கான எண்ணில் பேசிய பெண்ணிடம் அதைத்தான் மலாயில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்ன எரியுது? வீடா, வண்டியா, கடையா?"

"மண்ணு."

"சரி, மண்ணு மேல என்ன எரியுது?"

"மேல ஒண்ணும் எரியல. மண்ணேதான் எரியுது. உள்ளாற."

குழந்தையிடம் கேட்பதுபோல, "நெருப்பு கண்ணுக்குத் தெரியுதா?" என்றாள்.

"தெரியல."

"நெருப்பு தெரியல. ஆனா எரியுது."

"ஆமா."

அவளைக் குறை சொல்ல முடியாது. கோலசிலாங்கூருக்கு வடக்கே எங்கள் பக்கத்து மண் அப்படி. பல நூறு வருடத்து இலையும் வேரும் சதுப்பில் அழுகிச் சேர்ந்த கறுப்பு மண் அது. மழைக்காலத்தில் கால் புதையும். வெயில் காலத்தில் காய்ந்தால் அடுப்புக்கரி மாதிரிதான். ஒருமுறை பற்றிக்கொண்டால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே நடந்து போகும். அந்த வருடம் ஒரு மாதத்துக்கு மேல் ஒரு சொட்டு மழை இல்லை.

எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசைக் குடியிருப்பில், பதினோரு வீடுகள். பழைய பலகை வீடுகளை இடித்துக் கல் வீடு கட்டிக் கொடுத்து வெகு காலம் ஆகிறது. ஆனாலும் லயம் என்றுதான் சொல்கிறோம். சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். என் வீட்டுக்காரர் பக்கத்து எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை. மகள் புஞ்சாக் ஆலாமில் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். நான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறேன். வேன் வைத்திருப்பவளுக்கு எழுதப் படிக்கவும், அரசாங்கத்தோடு பேசவும், செத்தவர் வீட்டுக்குப் பந்தல் போடவும் தெரிந்திருக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர்.

மூன்று நாளாகவே புகை வாடை இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் அடுத்த வீட்டுக்காரர் குப்பை எரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மரியாதைக்காகக் கேட்காமல் இருந்தார்கள். கோடி வீட்டு அண்ணனை மட்டும் எல்லோரும் சந்தேகப்பட்டோம். எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை, ஒன்பது ஆடு வளர்க்கிறார். ஆட்டுக்குக் கொசு கடிக்கிறதென்று மூட்டம் போடுகிற பழக்கம் அவருக்கு உண்டு.

அந்தக் காலை அவரே ஓடிவந்தார். "இந்தாம்மா, வந்து பாரு. என் பட்டிக் கம்பு தானா விழுந்துருச்சு."

போய்ப் பார்த்தேன். ஆட்டுப்பட்டியின் மூலைக் கம்பு சாய்ந்து கிடந்தது. மண்ணுக்குள் இருந்த பகுதி முழுக்கக் கரி. கம்பு நின்ற குழியைக் குனிந்து பார்த்தால், உள்ளே அடுப்பு மாதிரி சிவப்பாகக் கனன்றது. ஆடுகள் ஒன்பதும் எதிர் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.

அதற்கப்புறம்தான் போன்.

ஒருவழியாக அந்தப் பெண் நம்பினாள். அடுத்தது விலாசம். லயத்துக்கு ஏது விலாசம்? "முனியாண்டி கோயிலுக்குப் பின்னால" என்றேன். எந்த முனியாண்டி என்று கேட்டாள். நியாயமான கேள்வி, எங்கள் மாவட்டத்தில் எஸ்டேட்டுக்கு ஒரு முனியாண்டி. "பெரிய வாய்க்காலைப் பிடிச்சு வந்தா, ரெண்டாவது பாலம், இடது பக்கம்" என்றேன். அதை எழுதிக்கொண்டு, என் போன் எண்ணையும் வாங்கிக்கொண்டாள்.

அரை மணி நேரம் கழித்து ஓர் ஆண்குரல் கூப்பிட்டது. தீயணைப்பு வண்டியிலிருந்து. நல்ல உற்சாகமான குரல்.

"காக்கா, கவலைப்படாதீங்க. அணைச்சாச்சு."

மலாய்க்காரர்கள் அக்காவைக் காக்கா என்பார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். செம்பனைக்கு மேலே புகை முன்னைவிட இரண்டு மடங்கு நின்றது.

"எதை அணைச்சீங்க?"

"வயல்ல எரிஞ்ச நெருப்பை."

"எங்க பக்கத்துல வயலே இல்லையே!"

பின்னால் யாரோ ஒருவர் மலாயில் காச்சுமூச்சென்று கத்துவது கேட்டது. விஷயம் இதுதான்: நான் பாலத்தை எங்கள் பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறேன், அவர்கள் பட்டணத்துப் பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள். சுங்கை புரோங் பக்கம் போய்விட்டார்கள். அங்கே அறுவடை முடிந்த வயலில் ஒருவர் வைக்கோலைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார். புகை சரியாக இருந்தது, பாலம் சரியாக இருந்தது, தண்ணீரை அடித்துவிட்டார்கள். கத்தியவர் வைக்கோலின் சொந்தக்காரர். தப்பு முழுக்க என்னுடையது. இன்றுவரை யாராவது வழி கேட்டால் நான் பாலத்தை எண்ணுவதில்லை.

அவர்கள் எங்களிடம் வந்துசேர்ந்தபோது மணி ஒன்பதரை. காற்றும் அதே நேரம் திரும்பியது. அதுவரை மேலே போன புகை தரையோடு தரையாக லயத்துக்குள் வந்தது. எல்லையில் இரண்டு செம்பனைகள், யாரும் தொடாமலே, வேரோடு படுத்தன. காய்ந்த மட்டையில் முதல்முறையாக நிஜ நெருப்பைப் பார்த்தோம். வண்டியின் தலைவர், முகமெல்லாம் வியர்வை, என்னைத் தேடி வந்தார். "எல்லாரையும் கெளப்புங்க. டேவானுக்குப் போங்க. அங்க உதவி மையம் தொறப்பாங்க. சொல்லியாச்சு."

டேவான் என்பது ஐந்து மைல் தள்ளி, கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருக்கும் பொது மண்டபம். யாருக்குச் சொல்லியாச்சு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கோயிலுக்கு ஓடித் திருவிழா மைக்கைப் போட்டேன். "ஐசி, பொறப்புப் பத்திரம், மருந்து! இது மூணும் போதும்! வேற ஒண்ணும் எடுக்காதீங்க!" என்று மூன்று தடவை கத்தினேன். ஐசி என்றால் அடையாள அட்டை. செயலாளராக இருந்து நான் போட்ட உத்தரவுகளில் அதுதான் மிகத் தெளிவானது.

வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றவர்கள் கையில் இருந்தவை: ஒரு டிவி. ஒரு மிக்சி. இரண்டு தலையணை. பாரம் தாங்காமல் கைமாற்றி வந்த ஒரு கிரைண்டர் கல். பக்கத்து வீட்டு அக்கா ஆவி பறக்க ரைஸ் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னக்கா இது?"

"அரிசி போட்டாச்சு லா. பாதி வெந்துருச்சு. அப்படியே விட்டுட்டு வந்தா பாவம் இல்லையா?"

"மருந்து எடுத்தீங்களா?" அக்காவுக்கு ஆஸ்துமா உண்டு. பையைத் தட்டிக் காட்டினார். "எல்லாம் இருக்கு, நீ வண்டிய எடு."

கோடி வீட்டு அண்ணன் பட்டியை விட்டு அசையவில்லை. "ஆடு வந்தா நான் வரேன். இல்லேன்னா நான் இல்ல."

"அண்ணே, இது ஸ்கூல் வேனுண்ணே."

"ஸ்கூல் பிள்ளைங்களுக்கு என் ஆடு எவ்வளவோ தேவலாம். உக்காருன்னா உக்காரும்."

மனிதர்களை முதலில் கொண்டு போய் விடுகிறேன், பிறகு பார்க்கலாம் என்றேன். முதல் நடையில் பிள்ளைகளையும் தாய்மார்களையும் ஏற்றினேன். பதினான்கு பேர் உட்காரும் வேனில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று இங்கே எழுத மாட்டேன், எனக்கு லைசென்ஸ் வேண்டும்.

அந்த முதல் நடையில்தான் நான் பயந்தது. லயத்துச் சாலை எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும் என்று பெருமை பேசுவேன். அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டே தெரியவில்லை. கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்தியதுபோல இருந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் வேனின் முன்மூக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். அவர் கை தட்டினால் நிற்க வேண்டும், தடவினால் நகர வேண்டும். அவர் முதுகு தெரிகிறது, தெரியவில்லை, தெரிகிறது. பின்னால் அத்தனை பிள்ளைகள் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. பள்ளி நாட்களில் அரை மணி நேரம் அமைதிக்காக நான் ஏங்கியிருக்கிறேன். அன்றைக்கு யாராவது ஒரு பிள்ளை சண்டை போடாதா என்று இருந்தது. பெரிய சாலைக்கு ஏறியதும் அந்த வீரர் வேனை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் புகைக்குள் திரும்பிப் போனார். மூன்றாவது கியருக்கு மாற்ற இரண்டு தடவை முயன்றேன்.

மண்டபத்தைப் பார்த்ததும் என் மனம் குளிர்ந்தது. வாசலில் பந்தல், வரிசையாக வெள்ளைத் துணி போட்ட மேசைகள், பெரிய பெரிய அண்டாக்கள், பளபளக் காகிதத்தில் செய்த பூக்கம்பங்கள். 'அடடா, உதவி மையம் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்' என்று நினைத்தபடி வேனை உள்ளே திருப்பினேன். உடனே இரண்டு பக்கமும் நின்ற பத்துப் பன்னிரண்டு பேர், கைமேளத்தை எடுத்து டம்டம்டம் என்று அடிக்க ஆரம்பித்தார்கள்.

மலாய்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை வரும்போது கொம்பாங் அடித்து வரவேற்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேனில் வருகிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வேன் வந்தது. அடித்தார்கள். கதவு திறந்தது. கரி அப்பிய முகத்தோடு முதலில் இறங்கியவர் ரைஸ் குக்கரோடு பக்கத்து வீட்டு அக்கா. பாவம், அக்கா மேளத்துக்கு மரியாதையாகத் தலையைக் குனிந்து ஒரு கும்பிடு வேறு போட்டார். மேளம் ஒவ்வொன்றாக நின்றது.

வாசலில் பூப்போட்ட பாத்தேக் சட்டை அணிந்த ஒருவர் என்னிடம் வந்தார். "மாப்பிள்ளை வீடா?"

"இல்லீங்க."

"பொண்ணு வீடா?"

"இல்லீங்க."

"அப்போ எந்த வீடு?"

எனக்கு மலாய் நன்றாக வரும். ஆனால் அந்த நேரத்தில் வந்தது இவ்வளவுதான்: "நெருப்பு வீடு."

அவர் உள்ளே போய்ப் பெண்ணின் அம்மாவை அழைத்து வந்தார். பச்சைப் பட்டில், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நல்ல பாரி உடம்பு. எங்களைப் பார்த்தார். வடக்கே வானத்தைப் பார்த்தார். மகளுக்குக் கல்யாணம், நூற்றுக்கணக்கான விருந்தாளிகள், மண்டபத்தை இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிகிறது. அவர் என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கொண்டு வேனைத் திருப்பியிருப்பேன். அவர், "சாப்பிட்டீங்களா?" என்றார்.

மண்டபத்தின் இடது பக்கத்தை எங்களுக்கு ஒதுக்கினார்கள். வேலையில் அந்த அம்மாவைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. ஐந்தே நிமிடத்தில் எங்கள் மேசைக்குத் தண்ணீர், பிள்ளைகளுக்கு முகம் துடைக்க ஈரத்துணி. அண்டாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். "இது கோழி. இது மீனு. அது மாடு, உங்க ஆளுங்க அந்தப் பக்கம் போக வேணாம்." சொன்னதோடு விடாமல், தன் நாத்தனாரைக் கரண்டியோடு மாட்டுக்கறி அண்டாவுக்குக் காவல் வைத்தார். அந்த நாத்தனார் எங்களில் யாராவது பத்தடி தூரத்தில் வந்தாலே கரண்டியைத் தூக்கிக் காட்டுவார். சனிக்கிழமை சைவம் என்று சொன்ன இரண்டு குடும்பங்களுக்கு அன்னாசிக் கறி தனியாக வந்தது. நான் அவர்களை விட்டுவிட்டு வேனை எடுத்தேன்.

இரண்டாவது நடையில் மிச்சப் பேர். மூன்றாவது நடையில் கோடி வீட்டு அண்ணனும் ஒன்பது ஆடும். வேறு வழியில்லை; நெருப்பு பட்டியின் பின்பக்கத்துக்கு வந்துவிட்டது, ஆனாலும் மனிதர் நகரவில்லை. அண்ணன் சொன்னது உண்மைதான், ஆடுகள் உட்கார்ந்தன. ஒன்று முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தது.

எட்டு ஆட்டை மண்டபத்துக்குப் பக்கத்துத் திடலின் கோல் கம்பத்தில் கட்டினோம். ஒன்பதாவது எங்கே என்று பார்ப்பதற்குள் அது வாசல் பூக்கம்பத்தில் பாதியைத் தின்றிருந்தது. வெள்ளிக் காகிதம் அதன் தாடியில் மின்னியது. பெண்ணின் அம்மா அங்கேயே நின்றிருந்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்த அம்மா கையால் வாயை மூடிச் சிரித்துவிட்டு, "எங்க கல்யாணத்துக்கு ஆடு வர்றது வழக்கந்தான். ஆனா சட்டியில வரும்" என்றார்.

"என்னாம்மா சொல்றாங்க?" என்றார் அண்ணன், மலாய் அவ்வளவாக வராது.

"ஆடு நல்லா இருக்காம், அண்ணே."

அண்ணனுக்கு ஒரே பெருமை. "தெரிமா காசே" என்று நன்றி சொல்லி, அதன் வயதையும் எடையையும் விரலால் காட்டினார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன்.

பன்னிரண்டரை மணிக்கு உதவி மையத்தின் ஆட்கள் வந்தார்கள். அதிகாரி ஒருவர், உதவியாளர்கள் இருவர், பெட்டி பெட்டியாகப் போர்வை, சோப்பு, பல் துலக்கும் பிரஷ், முகக்கவசம். மண்டபத்தில் இருந்த கூட்டத்தைப் பார்த்து அதிகாரி மலைத்துப் போனார். பதினோரு வீடு என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கடமை தவறாத மனிதர். கிடைத்த ஒரே காலி இடத்தில், அதாவது சாப்பாட்டு மேசையின் தொடக்கத்தில், தன் மேசையைப் போட்டுப் பதிவை ஆரம்பித்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள். ஈப்போவிலிருந்து மூன்று மணி நேரப் பயணம், நல்ல பசி. வரிசையைப் பார்த்தார்கள், சாப்பாட்டு வரிசை என்று நின்றார்கள். பெயர் கேட்டார்கள், சொன்னார்கள். எத்தனை பேர் என்று கேட்டார்கள், சொன்னார்கள். கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு போர்வையும் சோப்புப் பையும் வாங்கிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா போர்வையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "பொண்ணு வீட்டுக்காரங்க தாராளமானவங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

எங்கள் ஆட்களோ அதற்குள் விருந்தாளிகளோடு விருந்தாளியாகச் சாப்பிட்டு முடித்து, மலாய்க் கல்யாணத்தில் விருந்தாளிகளுக்குத் தரும் காகிதப்பூ செருகிய அவித்த முட்டையை ஆளுக்கொன்றாகக் கையில் வைத்துக்கொண்டு மணமேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

நான் எல்லோரையும் எழுப்பி வரிசையில் நிறுத்தினேன். "ஐசி" என்றார் அதிகாரி. மைக்கில் மூன்று தடவை கத்திய நான், என் பைலை எடுத்துப் பெருமையோடு திறந்தேன். உள்ளே மகள் ஒன்றாம் வகுப்பில் வரைந்த படங்கள். யானை, சூரியன், 'என் குடும்பம்' என்று எழுதி மூன்று குச்சி மனிதர்கள். ஒரே நிறத்தில் இரண்டு பைல் வாங்கியது என் தப்பு. அதிகாரி படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "இது நீங்களா?" என்று ஒரு குச்சியைக் காட்டினார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? பெயரை எழுதிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா என் தோளைப் பிடித்தார். பேச்சு வரவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, விசில் மாதிரி. காலையிலேயே ஆரம்பித்திருக்கிறது, கல்யாண வீட்டில் தொந்தரவு தரக் கூடாதென்று அடக்கியிருக்கிறார். அவர் பையைக் கவிழ்த்தேன். ஊறுகாய் பாட்டில், மிளகாய்ச் சம்பல் டப்பா, உப்பு. ரைஸ் குக்கருக்குத் தொட்டுக்கொள்ள எல்லாம் இருந்தது. மருந்து உறிஞ்சும் அந்த நீலக்குழல் மட்டும் இல்லை.

"டாக்டர் யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று நினைவில்லை. ஆனால் மேடையில் அசைவு தெரிந்தது. மணப்பெண் எழுந்தாள்.

தங்க இழைப் பட்டும் தலையில் கிரீடமுமாக, இரண்டு கையாலும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தாள். அவள் கிளினிக்கில் தாதி என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? வந்ததும் அக்காவை நேராக நிமிர்த்தி உட்கார வைத்தாள். நாடியைப் பிடித்தாள். "இன்ஹேலர் யார்கிட்ட இருக்கு?" என்று மண்டபம் அதிரக் கேட்டாள். மாப்பிள்ளையின் பெரியப்பா போர்வைக்கு அடியிலிருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினார். ஒரு காலித் தண்ணீர் பாட்டிலின் அடியில் கத்தியால் ஓட்டை போட்டு, அதில் குழலைச் செருகி, பாட்டிலின் வாயை அக்காவின் வாயில் வைத்தாள். ஓர் அழுத்து. "மெதுவா இழுங்க. விடுங்க. இன்னொரு தரம்." மாப்பிள்ளை பின்னால் நின்று அவள் கிரீடம் சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான். மருதாணி வைத்த அவள் விரல்கள் அக்காவின் முதுகில் தாளம் போட்டதுபோல மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தன.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. விசில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அக்காவின் உதட்டில் நிறம் வந்தது. முதல் வார்த்தை பேசினார்.

"இந்தப் புள்ளைக்கு யாராச்சும் சாப்பாடு குடுத்தீங்களா?"

நான் மொழிபெயர்த்தேன். மணப்பெண் சிரித்தாள், கண்ணில் மை கரைந்திருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். அக்கா ரைஸ் குக்கரைத் திறந்து காட்டினார். அரை வேக்காட்டுச் சோறு, அப்படியே இருந்தது. ஆம்புலன்ஸ் வந்து அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போதும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கேட்டார். விடவில்லை.

மூன்று மணி சுமாருக்கு என் வீட்டுக்காரர் ஆலை உடுப்போடு ஓடிவந்தார். சேதி கேட்டு ஷிப்டிலிருந்து நேராக லயத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஆளில்லை, புகைதான். என் போன் எப்போதோ செத்துவிட்டது. நான் அப்போது காகிதப்பூ முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இனிப்புக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் அங்க புகையில உன் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டுத் திரியுறேன். நீ இங்க கல்யாணத்துல உக்காந்து சாப்பிடுற!"

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முட்டையை வாங்கி, உரிக்க முயன்றார். ஓடு உரிபடவில்லை. நான் வாங்கி உரித்துக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்றார்.

விருந்து முடிந்ததும் எங்கள் பெண்கள் யாரும் சொல்லாமலே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டா கழுவ உட்கார்ந்தார்கள். மாட்டுக்கறி அண்டாவைக் கழுவவும் கையை நீட்டினார்கள். காவல் நாத்தனார் அப்போதும் விடவில்லை, தானே கழுவினார்.

மண்டபத்தில் ஆறு நாள் இருந்தோம். மணமேடையைப் பிரிக்கிறவர் செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்பதால், தங்க நிறச் சிம்மாசனம் அதுவரை எங்கள் நடுவிலேயே இருந்தது. கோடி வீட்டு அண்ணன் தினமும் காலையில் அதில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். பக்கத்து வீட்டு அக்கா இரண்டாம் நாள் திரும்பி வந்தார், மருந்தைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. புதுப்பெண் மறுநாளும் அதற்கு மறுநாளும் சாதாரண உடுப்பில் வந்து எல்லோருடைய நெஞ்சையும் சோதித்துவிட்டுப் போனாள்.

நடுவில் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். பட்டியலில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள், மண்டபத்தில் அதில் கால்வாசிகூட இல்லையே, மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கவலையாகக் கேட்டார். ஒவ்வொரு பெயராகப் படித்தார். "ஈப்போ" என்றேன். அடுத்த பெயர். "அவரும் ஈப்போ." அடுத்தது. "அவர் மேளம் அடிச்சவர்." ஒரு மணி நேரம் இப்படிப் போனது. கடைசியில் அவர் பேனாவை மூடிவிட்டு, "அவங்க எல்லாரும் பத்திரமா இருக்காங்கல்ல?" என்றார். "ரொம்பப் பத்திரமா. போர்வையோட" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாய்க்காலிலிருந்து குழாய் போட்டு இரவும் பகலும் மண்ணுக்குள் தண்ணீர் இறைத்தார்கள். மண்வெட்டி இயந்திரம் லயத்தைச் சுற்றி ஓர் அகழி தோண்டியது. ஆட்டுப்பட்டி போய்விட்டது. எல்லையோரச் செம்பனைகள் நிறையப் படுத்துவிட்டன. பதினோரு வீடும் நின்றன. ஏழாம் நாள் காலை எங்களைத் திரும்ப விட்டார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் நீளக் கம்பியால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு முன்னே போனார். அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து, கோயில் பூசைக்குப் போவதுபோல வரிசையாகப் பின்னால் நடந்தோம். அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தபோதும், வேனை வழிநடத்தியவர் அவர்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பார்த்தது முதுகை மட்டும்தான். கேட்டேன். "நிறைய வண்டியக் கூட்டிட்டு வந்தோம், காக்கா. எது உங்களுதுன்னு ஞாபகம் இல்ல" என்றார்.

வீட்டைத் திறந்தோம். சுவர், திரைச்சீலை, தட்டு, சாமி படம், எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகக் கறுப்பு மாவு தூவியிருந்தது. என் வீட்டுக்காரர் வாளியை எடுத்தார். நான் திரைச்சீலைகளைக் கழற்றினேன். நாலாவது அலசலிலும் தண்ணீர் கறுப்பாகத்தான் வந்தது. பக்கத்து வீட்டில் அக்கா யாரையோ ஏசிக்கொண்டே துடைப்பம் போடும் சத்தம் கேட்டது. நல்ல கனத்த குரல், மூச்சு வாங்காமல் நீளமாக ஏசினார். மதியத்துக்கு மேல், நாங்கள் துணியெல்லாம் காயப் போட்டு முடித்த பிறகு, மழை வந்தது. யாரும் கொடியிலிருந்து எதையும் எடுக்க ஓடவில்லை.